சங்கிலிக்கு எத்தனை கால்

எங்கள் வீட்டில் மோட்டார் ரம்பம் இருந்த வருஷங்களில் அதன் பல் தீட்டுவது என் ஓரகத்தியின் வேலை. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி அவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். கூப்பிட்டதே குறைவுதான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் வராது. கல்யாணமாகி வந்த புதிதில், ஊமைப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்று தெருவில் பேசினார்களாம். பேசாமல் இருப்பவளுக்கு ஒரு வசதி உண்டு, பார்த்துக்கொண்டே இருக்கலாம். நான் அதிகம் பார்த்தது அக்காவின் கைகளை.

சாயங்காலம் மூத்தார், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், தோப்பிலிருந்து வந்து ரம்பத்தை ஒரு காலி சிமெண்டுச் சாக்கின் மேல் வைப்பார். அக்கா உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து உட்காருவார். கையில் பென்சில் பருமனுக்கு ஒரு உருட்டு அரம். ரம்பத்தைச் சுற்றி ஓடும் சங்கிலியில் ஒரு பல் இந்தப் பக்கம் பார்க்கும், அடுத்த பல் அந்தப் பக்கம் பார்க்கும். அக்கா முதலில் இந்தப் பக்கத்துப் பற்களை மட்டும் தீட்டுவார். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு. முன்னால் தள்ளும்போதுதான் அழுத்துவார், அரம் திரும்பி வரும்போது பல்லில் படாது. பதினெட்டு முடிந்ததும் ரம்பத்தைத் திருப்பி வைத்து, அந்தப் பக்கம் பதினெட்டு. நடுவில் குழந்தை அழுதாலும் சரி, வாசலில் ஆள் வந்து நின்றாலும் சரி, பேசமாட்டார். உதடு மட்டும் அசையும். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவர், அந்தப் பதினெட்டை ஒருநாளும் தவறவிட்டது கிடையாது.

ரம்பத்தின் பாகங்களுக்கு எங்களுக்குச் சரியான பெயர் தெரியாது. நாங்களாக வைத்த பெயர்தான். மிஷினிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புப் பட்டையை நாக்கு என்போம். நாக்கின் விளிம்பைச் சுற்றி மெல்லிசாக ஒரு பள்ளம் ஓடும், அது காடி. சங்கிலிக்கு மேல்பக்கம் பல் இருக்கிற மாதிரி கீழ்ப்பக்கம் சின்னச் சின்ன முளைகள் இருக்கும். அந்த முளைகள் காடிக்குள் இறங்கி ஓடுவதால் அவற்றைக் கால் என்போம்.

துறைமுகத்தில் ஏலத்துக்கு வந்த வெளிநாட்டு மிஷின் அது. மூத்தார் அதை வாங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி என்று நினைக்கிறேன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வரப்போகின்றன என்று நிலத்தை அளந்து அளந்து கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். சவுக்குத் தோப்புகளை அழித்துத் தரையாக்க வேண்டும். இரண்டு ஆள் உட்கார்ந்து இழுக்கும் கை ரம்பம் நாள் முழுக்கச் செய்கிற வேலையை எங்கள் மிஷின் காலை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடும். அதனால் ஒரு கண்டிராக்டர் பெரிய தோப்பு ஒன்றை மூத்தாரிடம் விட்டிருந்தார். என் வீட்டுக்காரர் ஆரம்பாக்கத்தில் ரைஸ்மில்லில் இருந்தார், ஆனால் மில் பாதி நாள் ஓடாது. எங்கள் இரண்டு குடும்பமும் அந்தத் தோப்பை நம்பித்தான் அடுப்பு மூட்டியது.

தோப்பின் ஓரத்தில் ஒரு புளியமரம் நின்றது. பேய் பிடித்தவர்களின் முடியை மரத்தில் வைத்து ஆணி அடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பேய் மரத்தோடு தங்கிவிடும் என்பார்கள். அடித்த ஆணியை மரம் மெள்ள விழுங்கும், பட்டை மேலே மூடிக்கொள்ளும். ஒரு வியாழக்கிழமை மூத்தார் வைத்த ரம்பம் அப்படி ஒரு ஆணியில் போய் மாட்டியது. சங்கிலி நாக்கை விட்டு எகிறி முழங்காலுக்குக் கீழே அவரைக் கிழித்தது. பல் பாதி முறிந்தது. நாக்கு மரத்துக்குள் சிக்கி வளைந்துபோனது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, காலை ஊன்றக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

மரத்தில் இருந்த பேய்தான் தள்ளிவிட்டது என்று ஊரில் ஒரே பேச்சு. மறுநாள் காலையில் அக்கா தனியாகத் தோப்புக்குப் போனார். வெட்டு வாயிலிருந்து ஆணித் துண்டைக் குறடு போட்டுப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். கட்டிலில் கிடந்த மூத்தாரின் உள்ளங்கையில் அதை வைத்து, “பேயி தோ கீது, ரெண்டு இன்ச்சு. நல்லா பாத்துக்கோ” என்றார். வலியிலும் அவர் சிரித்துவிட்டார்.

அன்று மத்தியானம் கண்டிராக்டருடைய மேஸ்திரி வந்தார். திங்கட்கிழமை காலையில் தோப்பில் ரம்பச் சத்தம் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் ஆந்திரா பக்கத்திலிருந்து வந்து காத்திருக்கிற கை ரம்பக்காரர்களுக்குத் தோப்பை விட்டுவிடுவேன் என்று சொல்லிப் போனார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு மேலே ஆள் இருந்தது.

மிஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாக்கும் சங்கிலியும் புதிதாக வேண்டும். இந்த மாதிரி மிஷினுக்குப் பட்டணத்தில் பிராட்வே பக்கம் ஒரு கடையில்தான் சாமான் கிடைக்கும் என்றார் மூத்தார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ஆகவே சனிக்கிழமை ஒரு நாள்தான் எங்களுக்கு இருந்தது. பொருந்தாத சாமானை வாங்கி வந்துவிட்டால் அதோடு தோப்பு போயிற்று. என் வீட்டுக்காரருக்குச் சனிக்கிழமை மில் ஓடியது. திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு ரம்பம் பிடிப்பது அவர் பொறுப்பு, சாமான் வாங்கி வருவது எங்கள் இரண்டு பேர் பொறுப்பு என்று அக்கா பிரித்துவிட்டார்.

“நீ அஞ்சாவது படிச்சவ. எழுதிகினு வா, போதும். பேசறத நான் பேசிக்கிறேன்” என்று என்னிடம் சொன்னார்.

நாக்கின் வால் பக்கத்தில் எண்கள் வெட்டியிருந்தன. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன். முதலில் ஒரு மூன்று, கோடு, எட்டு. எனக்குக் கால், அரை, முக்கால் தெரியும். எட்டைக் கீழே போடுகிற கணக்கு வருவதற்குள் என் படிப்பு நின்றுவிட்டது. இருந்தபடியே எழுதிக்கொண்டேன். அது சங்கிலியின் கண்ணிக்குக் கண்ணி உள்ள தூரம் என்றார் மூத்தார். அடுத்தது 058. அது காடியின் அகலம். மூன்றாவது எண் இருந்த இடம் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. சங்கிலிக்கு மொத்தம் எத்தனை கால் என்று சொல்கிற எண் அது. அது போய்விட்டதால் காலை எண்ணித்தான் ஆக வேண்டும்.

எங்கே தொடங்கினோம் என்று மறந்துபோகாமல் இருக்க, அக்கா சங்கிலியின் ஒரு காலில் சிவப்பு நூல் கட்டிக் கொடுத்தார். ஆள் இருந்தால் எனக்கு எண்ணிக்கை தடுமாறும். வீட்டுக்குப் பின்னால் தனியாகப் போய் உட்கார்ந்து, நூலில் தொடங்கி நூல் வரைக்கும் எண்ணினேன். எழுபத்தொன்று. இன்னொரு முறை எண்ணினேன். அப்போதும் எழுபத்தொன்று. காலண்டர் தாளின் பின்பக்கம் 71 என்று பெரிதாக எழுதி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பாசஞ்சரில் ஏறினோம். வளைந்த நாக்கைப் பழைய புடவையில் சுற்றி அக்கா மடியில் வைத்திருந்தார். சங்கிலி என் பையில். பொன்னேரியில் மீன் கூடையோடு ஏறிய ஒரு அம்மாள் எங்கள் மூட்டையையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு பொறுக்கமுடியாமல், அது இன்னா அவ்ளோ நீட்டமா என்று கேட்டார். ரம்பத்துடைய நாக்கு, மாற்றப் போகிறோம் என்று அக்கா சொன்னார்.

“நாக்கு மாத்தித் தராங்களா பட்டணத்துல? கட எங்க கீது சொல்லு, எங்க மாமியாள இட்டுகினு வரேன்.”

பெட்டியே சிரித்தது. மீஞ்சூர் வரைக்கும் அந்த அம்மாள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். நான் பைக்குள் கைவிட்டு நூல் அவிழாமல் இருக்கிறதா என்று தடவிக்கொண்டே இருந்தேன்.

கடை ஒரு குறுகலான தெருவில் இருந்தது. நீளமாக உள்ளே போகும் கடை. கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் கல்லாவில் இருந்தார், வேலைக்கு இரண்டு ஆட்கள். பெண்கள் யாரும் அந்தப் படியில் ஏறியிருக்கமாட்டார்கள் என்று அவர்கள் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தது. அக்கா என்னை இடித்து, இன்னா எழுதிக்கீது என்று கேட்டார். அறுத்த சங்கிலி திரும்ப வாங்கப்படாது என்று அவர் காதில் படித்துச் சொன்னேன். அந்தக் கடையில் சங்கிலி பெரிய உருளையில் சுற்றியிருக்கும். வேண்டிய அளவுக்குக் கண்ணியை உடைத்து எடுத்து வளையமாகச் சேர்த்துக் கொடுப்பார்கள்.

நாக்கு எத்தனை இன்ச் என்று பெரியவர் கேட்டார். முனையிலிருந்து வால் வரைக்கும் அக்கா முழம் போட்டு வைத்திருந்த அளவைச் சொன்னார். வாலைச் சேர்க்கக்கூடாது, மிஷினுக்கு வெளியே தெரிகிற வரைக்கும்தான் அளவு என்று பெரியவர் விளக்கினார். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள அக்காவுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது. சரிண்ணே, நீங்களே அளந்துக்கோங்க என்று நாக்கை நீட்டினார்.

அதே நீளத்தில் ஒரு நாக்கு வந்தது. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. அக்கா பழைய நாக்கின் வாலைப் புதியதன் வால்மேல் பொருத்தி, இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். மிஷினில் மாட்டுகிற பெரிய துளை பொருந்தியது. அதற்குப் பக்கத்தில் எண்ணெய் வருகிற சின்னத் துளை ஒரு பயறு அளவுக்குத் தள்ளி இருந்தது, வெளிச்சம் பாதிதான் தெரிந்தது. கொஞ்சம் ராவினால் சரியாகிவிடும் என்றார் கடை ஆள்.

“எண்ணெ போற தொளை மறைஞ்சா நாக்கு வெந்துபூடும்ண்ணே” என்றார் அக்கா. “வேற கீதா பாருங்க.”

மூன்றாவதாக வந்த நாக்கில் எல்லாத் துளையிலும் வெளிச்சம் முழுசாக வந்தது. பெரியவர் அப்போதுதான் கல்லாவை விட்டு எழுந்து எங்கள் பக்கம் வந்தார். அதுவரை உட்கார்ந்த இடத்திலிருந்தேதான் பேசிக்கொண்டிருந்தார்.

அடுத்து சங்கிலி. உருளையிலிருந்து ஒரு முழத்தை இழுத்து நாக்கின் காடியில் வைத்தார். கால்கள் உள்ளே இறங்கின. எனக்கு நிம்மதியாக இருந்தது. அக்கா ஒரு விரலால் சங்கிலியைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தார். குடிகாரன் மாதிரி சாய்ந்தது. ஆடுதே என்றார். பெரியவர் பழைய நாக்கை எடுத்து எண்ணைப் பார்த்து, சைபர் ஐம்பதுதானே என்றார். நான் அக்காவின் முழங்கையைத் தொட்டு, கடைசியில் இருப்பது எட்டு என்று மெதுவாகச் சொன்னேன். எட்டாம்ண்ணே, எங்க பொண்ணு படிச்சது என்று அக்கா கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். எட்டுதான். வேறு உருளை வந்தது. இந்த முறை சங்கிலி காடியில் நிமிர்ந்து நின்றது.

எனக்கு உள்ளுக்குள் பெருமை. அந்தப் பெருமையோடேயே காலண்டர் தாளை எடுத்துக் கொடுத்தேன். பெரியவர் பார்த்தார், எழுபத்தொன்று என்றார், உருளையில் எண்ணிக்கொண்டே போய் ஒரு கண்ணியைக் கட்டைமேல் வைத்து உளியைப் பிடித்தார். கடை ஆள் சுத்தியலை எடுத்தார்.

“இருண்ணே” என்று அக்கா அந்தக் கட்டைமேல் கையை வைத்தார். “எழுவத்தொண்ணா?”

“உங்க பொண்ணு எழுதினதுதாம்மா.”

“பல்லு முப்பத்தாறு. இந்தப் பக்கம் பதினெட்டு, அந்தப் பக்கம் பதினெட்டு. ஒரு பல்லுக்கு ரெண்டு காலு. ஒத்தையா எப்பிடிண்ணே முடியும்?”

ஒற்றையாக முடிகிற சங்கிலியும் உண்டு, ஒரு இடத்தில் மட்டும் இரண்டு பல் அடுத்தடுத்து வரும் என்று பெரியவர் பொறுமையாகத்தான் சொன்னார்.

“வேற ஊட்டு சங்கிலில இருக்கும். எங்குளுதுல இல்ல. மூணு வருசமா தெனமும் நான்தான் தீட்டறேன். ரெண்டு பல்லு சேந்தாப்புல வந்திருந்தா என் கை நின்னிருக்கும்.”

அக்கா என் பக்கம் திரும்பினார். எண்ணியது தப்பு என்று சொல்லவில்லை. இன்னொரு முறை எண்ணிவிடு, மனசு கேட்கவில்லை என்றார். பழைய சங்கிலியைக் கல்லாவின் மேல் வைத்தேன். பெரியவர், இரண்டு ஆட்கள், ஆணி வாங்க வந்த ஒருவர், எல்லாரும் என் விரலையே பார்த்தார்கள். மனசுக்குள் எண்ணினால் நம்பமாட்டார்கள், வாய்விட்டுத்தான் எண்ண வேண்டும். நூல் கட்டிய காலைத் தொட்டேன்.

“லாபம்” என்றேன். அடுத்த காலைத் தொட்டேன். “ஒண்ணு.” அடுத்தது. “ரெண்டு.”

கடை ஆள் சிரித்துவிட்டார். எனக்கு எதற்கென்று புரியவில்லை. அக்காதான் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

என் அம்மா வீடு பள்ளிப்பட்டுப் பக்கம். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை லாபம் என்று சொல்லித் தனியாக ஒரு முறத்தில் கொட்டிவிடுவார்கள். அது கோயிலுக்கு. அதற்கு அடுத்த மரக்காலிலிருந்துதான் ஒன்று, இரண்டு. எண்ணிக்கை என்றாலே என் வாய் அப்படித்தான் தொடங்கும். என் வீட்டுக்காரர் ஊரிலும் லாபம் சொல்வார்கள், ஆனால் லாபம்தான் ஒன்று. அடுத்தது நேராக இரண்டு. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அது எனக்குத் தெரியாது. அங்கே நான் அளக்கிற அளவுக்கு நிலம் இருந்ததில்லை.

“ஒரு கால சாமிக்கு நேந்து உட்டுட்டியாம்மா?” என்றார் கடை ஆள்.

எனக்கு அந்தக் கல்லாவுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. சுத்தியல் விழுந்திருந்தால் தோப்பு போயிருக்கும். அக்கா அந்த ஆளைத் திரும்பிப் பார்த்தார்.

“அவங்க ஊட்ல மொத மரக்கா சாமிக்கு. எங்க ஊட்ல மொத மரக்காலும் எங்குளுக்கேதான்” என்றார். “அதான் அவங்க ஊட்ல அளக்கறதுக்கு நெல்லு இருந்துச்சி. நீ ஒண்ணுலேந்து எண்ணுமே.”

வெளியாட்கள் நடுவில் என் அம்மா வீட்டை உயர்த்தி ஒரு வார்த்தை சொல்ல ஓரகத்திக்கு என்ன அவசியம்? தப்பு என்னுடையது. அதைச் சொல்லிக்காட்ட அந்த இடத்தில் அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. பிற்பாடு ஊருக்கு வந்தும் யாரிடமும் சொல்லவில்லை, மூத்தாரிடம்கூட. நான் ஒன்றிலிருந்து எண்ணினேன். நடுவில் ஒரு இடத்தில் குரல் போயிற்று. அங்கே பெரியவரே என்னோடு சேர்ந்து எண்ணினார். எழுபத்திரண்டு சொல்லி முடித்ததும் நூல் வந்தது.

பெரியவர் உளியை ஒரு கண்ணி தள்ளி வைத்தார். சங்கிலியை வளையமாகச் சேர்த்து, புதிய நாக்கில் மாட்டி, அக்காவிடம் கொடுத்தார். அரம் ஒன்று கொசுறாகப் போட்டார். தினமும் தீட்டுகிறவர் கையைக் காட்டுங்கள் என்று கேட்டார். அக்கா வெட்கப்பட்டு முந்தானையில் துடைத்துவிட்டுக் காட்டினார். ஆள்காட்டி விரலில் அரம் உட்காரும் இடத்தில் ஒரு காய்ப்பு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சங்கிலி ஒரு அலுமினியத் தட்டில் எண்ணெய்க்குள் கிடந்தது. திங்கட்கிழமை விடிந்ததும் தோப்புக்குப் போனோம். மேஸ்திரி முன்னாலேயே வந்து நின்றிருந்தார். கை ரம்பக்காரர்கள் நாலு பேர், ரம்பத்தைத் தோளில் வைத்தபடி மரநிழலில் உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் மிஷின் பிடித்தது. முதல் சவுக்கு விழுந்தது. இரண்டாவது மரத்தில் பாதி போனதும் அக்கா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

மேஸ்திரி முகம் மாறியது. ஆந்திராக்காரர்களில் ஒருவர் எழுந்தே விட்டார். புதுச் சங்கிலி சூடேறினால் கொஞ்சம் தளரும், தளர்ந்தபடியே ஓட்டினால் மறுபடி எகிறும் என்று அக்கா மேஸ்திரியிடம் சொன்னார். ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தார். யாருக்காகவும் அவசரப்படவில்லை. பிறகு ஒரு கந்தல் துணியால் சங்கிலியைப் பிடித்து மேலே இழுத்தார். கால்கள் காடியை விட்டு வெளியே வந்து நின்றன. திருகாணியை ஒரு சுற்று முறுக்கி மறுபடி இழுத்தார். இந்த முறை கால்கள் பாதி வந்து, விட்டதும் சடக்கென்று உள்ளே போயின. ஓட்டு என்றார்.

பத்து மரம் வரிசையாக விழுந்தது. மேஸ்திரி கை ரம்பக்காரர்களிடம் கையை விரித்தார். அவர்கள் எழுந்தபோது அக்கா குறுக்கே போனார். புளியமரத்தை அவர்களுக்கு விடச் சொன்னார். “அதுல இன்னும் எத்தினி ஆணி கீதோ. மிசினு கண்ண மூடிகினு போவும். இவங்க கைக்கு ஆணி மொதல்லயே தெரிஞ்சிடும்.” மேஸ்திரி யோசித்துவிட்டுச் சரி என்றார். அந்த ஒரு மரத்தில் அவர்களுக்கு நாலு நாள் வேலை இருந்தது.

மூத்தாருக்குத் தையல் பிரித்து, அவர் நொண்டிக்கொண்டே தோப்புக்கு வர ஒரு மாதம் ஆயிற்று. அவரைப் பார்த்ததும் மேஸ்திரி நலம் விசாரித்தார், பீடி கொடுத்தார். பிறகு அவரைத் தாண்டி, எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த அக்காவிடம் போய், “நாளைக்கு எந்தப் பக்கம் ரம்பம் வைக்கலாம்மா?” என்று கேட்டார்.